அட்டையை எடுத்தவர்கள்

மார்ச் 3

அக்காவுக்கு,

நீ அனுப்பிய செய்தி மேலே ஆபீஸ் போனில் பல நாள் கிடந்து இன்றுதான் என் கைக்கு வந்தது. சுரங்கத்துக்குள் சிக்னல் கிடையாது என்று உனக்குத் தெரியும். "சின்னவன் ஒருத்தனை அடித்துவிட்டான். போலீஸ் கொண்டுபோய்விட்டது. என் தாடை உடைந்துவிட்டது. போன் செய்யாதே, பேச முடியாது." இவ்வளவுதான் எழுதியிருக்கிறாய். இது ஒரு செய்தியா? லிஃப்ட் நின்றுவிட்டது என்று புகார் எழுதும் வாட்ச்மேன்கூட எந்த மாடியில் நின்றது என்று எழுதுவான்.

யாரை அடித்தான், எதால் அடித்தான், அடிபட்டவன் உயிரோடு இருக்கிறானா என்று எழுது. அதைவிட முக்கியம், அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது. எந்த ஃபியூஸும் தானாக எரியாது. சின்னவன் சும்மா கை ஓங்குகிறவன் இல்லை. அவன் தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை, பதினாறு வருஷமாகப் பார்த்ததைச் சொல்கிறேன். உன் தாடையை உடைத்தது எந்தப் போலீஸ்காரன்? சட்டையில் பெயர் குத்தியிருப்பான். பார்த்தாயா?

அவனுக்குப் பதினாறுதான் என்பதை ஸ்டேஷனில் சொன்னாயா? ஆறடி ஆளைப் பார்த்து முழு ஆம்பளை என்று எழுதிக்கொள்வார்கள். வீட்டில் நாம் கூப்பிடுகிற பெயரைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆட்டிசம் என்று டாக்டர் கொடுத்த சான்றிதழ் பீரோவில் மேல் தட்டில் இருக்கிறது. அதைக் கொண்டுபோய் நீட்டு.

நான் உடனே வர முடியாது. இந்தச் சுரங்க மின்நிலையத்தின் லிஃப்டைச் சோதனை ஓட்டிக் காட்டி ஒப்படைக்காமல் என்னை விட மாட்டார்கள். லீவு கேட்டேன். "உன் தம்பி என்ன, மந்திரியா?" என்றான் மேனேஜர். கையில் பெரிய ஸ்பேனர் இருந்தது. கீழே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

ஸ்டோர்ஸ் வேன் டிரைவர் வாரா வாரம் உன் ஆஸ்பத்திரி வழியாகத்தான் வருகிறான். பதிலை அவனிடம் கொடு. விவரமாக எழுது.

தம்பி


மார்ச் 8

தம்பிக்கு,

கேள்வி கேட்கத் தெரிந்த அளவுக்கு நலம் கேட்கத் தெரியாது உனக்கு. பரவாயில்லை, நானே சொல்லிவிடுகிறேன். மேல் வரிசைப் பல்லையும் கீழ் வரிசைப் பல்லையும் சேர்த்துக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். குழாய் வைத்து உறிஞ்சித்தான் சாப்பாடு. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் என் மேஸ்திரி, "இப்பத்தான் டிபார்ட்மென்ட் அமைதியா இருக்கு" என்று சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன், உயிர் போயிற்று.

அடிபட்டது ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரின் மகன். உயிரோடு இருக்கிறான். இடது கண் போய்விட்டது.

கடையில் கிரைண்டிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சின்னவன் ரொட்டி வாங்கிவிட்டுத் திரும்பும் வழி. சத்தம் தாங்காமல் நீ கொடுத்த சிவப்பு அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, காதைப் பொத்தி, பக்கத்து ஷட்டரில் முகத்தை வைத்து நின்றிருக்கிறான். கடைப் பையனும் இரண்டு கூட்டாளிகளும் வந்தார்களாம். டீக்கடைக்காரர் பார்த்துச் சொன்னது இது. "என்னடா, விலைச்சீட்டா? ரேட்டு எவ்வளவு?" என்று கேட்டு, கடைப் பையன் அட்டையைப் பிடுங்கித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆடியிருக்கிறான். சின்னவன், "மாட்டு, மாட்டு, ஆள் உள்ள இருக்கான்" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான். "எந்த ஆளுடா? உன் மண்டைக்குள்ளயா?" என்று தலையில் தட்டியிருக்கிறான் இன்னொருவன்.

கடை வாசலில் ஜாக்கி கம்பி கிடந்தது. முதல் அடியிலேயே பையன் விழுந்துவிட்டான். சின்னவன் நிறுத்தவில்லை. அட்டை கைக்கு வரும்வரை அடித்தான். டீக்கடைக்காரர் தடுக்கப் போகவில்லை. "யாரும்மா போவா? அவன் மூஞ்சியில ஒண்ணுமே இல்லம்மா, கோபம்கூட இல்ல" என்றார். பிறகு வீட்டுக்கு வந்து, அட்டையில் இருந்த ரத்தத்தைக் குழாயடியில் கழுவி, தன் அறைக்குள் போய், கதவு இடுக்கு வழியாகக் கையை விட்டு அட்டையை வெளி நாதாங்கியில் கட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டான். நான் வேலையிலிருந்து வந்தபோது குழாயடி சிவப்பாக இருந்தது. கையை அறுத்துக்கொண்டான் என்று நினைத்தேன்.

போலீஸ் வந்தபோதுதான் தாடை போனது. அதைப் பற்றி இப்போது கேட்காதே.

சிறுவர் இல்லத்தில் போய்ப் பார்த்தேன். தலையை மழித்துவிட்டார்கள். மெஷின் சத்தத்துக்கு அலறியிருக்கிறான். மூன்று பேர் மேலே உட்கார்ந்து மழித்திருக்கிறார்கள், காதோரம் கீறல். சாப்பாட்டுக்கு அங்கே சைரன் ஊதுகிறார்கள். சான்றிதழை நீட்டினேன். "பார்க்க நல்லாத்தானே இருக்கான்?" என்று மடித்து என்னிடமே கொடுத்தார்கள். போலீஸ் டாக்டர் அவன் கண்ணைப் பார்த்துக் கேள்வி கேட்டிருக்கிறார், இவன் சுவரைப் பார்த்திருக்கிறான். "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிவிட்டார்.

நேற்று அந்தப் பையனின் அம்மா சலவைக்கூடத்துக்கே வந்துவிட்டாள். என் முடியைப் பிடித்துத் தலையைத் துணி வண்டியில் மோதினாள். "உன் தம்பி கண்ணைப் புடுங்கி எம்புள்ளைக்கு வைடி!" என்று கத்தினாள். யாரோ அவளைப் பிடித்து இழுத்தார்கள். விடச் சொல்லிக் கையைக் காட்டினேன். அவளுக்கும் எங்கேயாவது மோதியாக வேண்டுமே.

அக்கா


மார்ச் 13

அக்காவுக்கு,

வக்கீல் பிடித்துவிட்டேன். மேனேஜரின் மச்சினன். வாய் கொஞ்சம் நீளம், வக்கீலுக்கு அது தகுதி.

அவர் சொல்வதைச் சுருக்கமாக எழுதுகிறேன். அடித்ததை மறுக்க முடியாது, தெருவே பார்த்திருக்கிறது. ஆனால் கைது செய்ய வந்த போலீஸ் வீட்டுக்குள் புகுந்து ஒரு பெண்ணின் தாடையை உடைத்தது என்று வைத்தால் கேஸின் முகமே மாறிவிடும். நீதிபதி பையனை அக்காவிடம் ஒப்படைத்து அனுப்புவார். இல்லையென்றால் பதினெட்டு முடியும்வரை மூடிய இல்லம், அப்புறம் பெரியவர்கள் ஜெயில். அங்கே இவன் ஒரு மாதம் தாங்க மாட்டான். ஆகவே உன் எக்ஸ்ரேதான் நம் துருப்புச்சீட்டு. விசாரணைக்கு வந்து, கேட்டதற்குப் பதில் சொன்னால் போதும். அடித்தவன் பெயர் என்ன? இரண்டாவது தடவையாகக் கேட்கிறேன்.

அட்டை விஷயத்தில் நீ என்னைக் குத்துகிறாய், புரிகிறது. "நீ கொடுத்த" என்று எழுதியிருக்கிறாயே. ஆமாம், நான் கொடுத்ததுதான். லிஃப்ட் கூண்டுக்குக் கீழே குழியில் இறங்குகிறவன் மெயின் சுவிட்சை அணைத்து, பூட்டி, தன் அட்டையைத் தொங்கவிடுவான். மாட்டியவனைத் தவிர வேறு யாரும் அதை எடுக்கக் கூடாது. எடுத்து சுவிட்சைப் போட்டால் உள்ளே இருப்பவன் கூழ். என் ஹெல்ப்பர் அப்படித்தான் போனான். அவனை வாளியில் அள்ளினோம். அதைச் சின்னவனிடம் உள்ளது உள்ளபடி சொன்னேன். பூசி மெழுகினால் அவனுக்குப் புரியாது. "தலைக்குள்ள தாங்க முடியாம போனா இதை மாட்டு. நீயா எடுக்கற வரைக்கும் எவனும் உன்னைத் தொட மாட்டான், பேச மாட்டான்" என்றேன். தலையைச் சுவரில் மோதிக்கொள்வதை அன்றோடு விட்டான். எத்தனை டாக்டர், எத்தனை மாத்திரை பார்த்தோம்? எது வேலை செய்தது? இதுவரை ஒரு தடவைகூட ஃபெயில் ஆகாத சிஸ்டம் அது. தெருவில் போகிற நாய்கள் அதைப் பிடுங்கினால் அது சிஸ்டத்தின் குறை இல்லை.

பெயரை அனுப்பு.

தம்பி


மார்ச் 18

தம்பிக்கு,

போலீஸ் அடிக்கவில்லை. சின்னவன்தான் அடித்தான்.

நாலு போலீஸ் வந்தார்கள். ஒருவன் கையில் கடப்பாரை. "கதவை உடைக்கவா, நீயே திறக்கறியா?" என்று கேட்டான் இன்ஸ்பெக்டர். உடைத்தால் உள்ளே போன வேகத்தில் அவனை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். அட்டையின் கயிற்றை நாதாங்கிக்குள் விட்டு முடிச்சுப் போட்டிருந்தான். அதை எடுக்காமல் கதவு திறக்காது. எடுத்தேன். ஆமாம், இந்தக் கையால்தான், உன் சட்டம் தெரிந்தேதான் எடுத்தேன். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? கடப்பாரைக்காரனுக்கு லிஃப்ட் பாடம் நடத்தியிருப்பாயா?

கதவு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். வெளியே வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தான். "எடுத்துட்டியா?" என்றான். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். முஷ்டியால் ஒரே அடி. என் பல் என் உள்ளங்கையில் விழுந்தது. அடுத்து கடப்பாரைக்காரனைச் சுவரோடு வைத்து நெரித்தான். நாலு பேரும் சேர்ந்து அவனைக் கீழே தள்ளி, உள்ளங்காலில் அடித்தார்கள். ஒவ்வோர் அடிக்கும் "மாட்டு, மாட்டு" என்றான். என்னிடம்தான் சொன்னான். நான் ரத்தத்தை விழுங்கிக்கொண்டு அட்டையைக் கையில் வைத்து நின்றேன். மாட்டியிருக்கலாம். தோன்றவில்லை.

அப்புறம், ஃபெயிலே ஆகாத சிஸ்டம். உன் மனசு கஷ்டப்படும் என்று சொல்லாமல் இருந்தேன், இப்போது சொல்கிறேன். என் இடது கை மோதிர விரல் வளைந்திருப்பதைப் பார்த்து, "மெஷின்ல மாட்டிக்கிச்சா?" என்று கேட்டாயே, அது மெஷின் இல்லை. அட்டை மாட்டியிருப்பதைக் கவனிக்காமல் சாப்பாட்டுத் தட்டோடு உள்ளே போய்விட்டேன். கதவை என் கை மேல் சாத்தினான். போன வருஷம் தோளில் கொதிதண்ணீர். நீ வரும்போதெல்லாம் வீடு கழுவிவிட்ட மாதிரி இருக்கும். கழுவியது யார்?

அவன் கெட்டவன் இல்லை. அது எனக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் அவன் இல்லாத இந்த நாட்களில் நான் கதவைத் தாழ் போடாமல் தூங்குகிறேன். இதை எழுத எனக்கே கூசுகிறது. என்னிடம் ஒப்படைத்து அனுப்புவார் என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறாய். எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி.

அக்கா


மார்ச் 21

அக்காவுக்கு,

அட்டையைத் தொட்டது நீ. எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், வீடே பற்றி எரிந்தாலும் தொடாதே என்று? கடைக்காரன் மகனுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். மெயினைப் போட்டுவிட்டு ஷாக் அடித்தது என்று அழுகிறாய்.

விரல், கொதிதண்ணீர் எல்லாவற்றையும் இப்போது அவிழ்க்கிறாய். அப்போதே சொல்லியிருந்தால் மாற்றியிருப்பேன். பிழையை மறைத்துவிட்டு மெஷினைத் திட்டினால் நான் என்ன செய்வது?

விசாரணையில் போலீஸ் அடித்தது என்றே இருக்கட்டும். பொய்தான். அந்தப் போலீஸ் அவன் காலைப் பிளந்தது பொய் இல்லையே, கணக்குச் சரியாகிவிடும். வக்கீல் பேசுவார். உன் வாய்தான் கட்டியிருக்கிறதே, தலையை ஆட்டினால் போதும்.

தம்பி


மார்ச் 24

தம்பிக்கு,

தலையை ஆட்டினால் போதும். அப்படியே நீ எழுதியதை மேஸ்திரியிடம் காட்டினேன். "உங்க தம்பி கல்யாணம் ஆகாதவரா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். "ஆகாது" என்றார்.

சரி, ஆட்டுகிறேன் என்றே வை. அன்று சாயங்காலம் அவன் எந்த வீட்டுக்கு வருவான்? உன் சுரங்கத்துக்கா?

நீ இன்னும் அவனைப் போய்ப் பார்க்கவில்லை. போய்ப் பார்க்காமல் எனக்கு எழுதாதே.

அக்கா


மார்ச் 30

அக்காவுக்கு,

பார்த்தேன். மேனேஜரிடம் சொல்லாமல் வேனில் ஏறி வந்துவிட்டேன்.

பார்வையாளர் அறையில் தரையோடு போல்ட் போட்ட ஒரு மேஜை, இரண்டு ஸ்டூல். சின்னவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். உள்ளங்காலை ஊன்றாமல், பாதத்தின் ஓரத்தால் நடந்தான். போலீஸ் அடித்தது இன்னும் ஆறவில்லை என்று நினைத்தேன். உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தேன். வட்ட வட்டமாகச் சூட்டுக் காயம். சிகரெட். வரிசை பிசகாமல் வைத்திருக்கிறார்கள், குதிகாலிலிருந்து விரல் வரை. சிலது பழையது, சிலது நீர் கோத்திருந்தது.

"யார்றா வெச்சது?" என்றேன்.

"பெரிய பசங்க. கத்தாம இருந்தா ஒரு சிகரெட் தரேன்னாங்க. நான் கத்தினேன்."

"அப்புறம்?"

"தரல. எனக்கு வேணாம். நான் சிகரெட் குடிக்க மாட்டேன்."

சுவரில் சாய்ந்து நின்ற காவலாளி சிரித்தான். "பசங்க விளையாட்டு சார். இவன் ஆளுதான் பெருசு, மேல ஒண்ணும் இல்ல. சுட்டா பாட்டுப் பாடுற மாதிரி கத்துவான், எங்களுக்கே பொழுது போகும்" என்றான்.

அடுத்து எனக்கு நினைவிருப்பது அவன் மூக்கு என் முஷ்டிக்கு அடியில் நொறுங்கிய சத்தம்தான். சாக்பீஸை மிதித்தால் கேட்குமே, அது. அவன் கீழே விழுந்தான், நானும் நிறுத்தவில்லை. காதைப் பிடித்துத் தலையை மேஜைக் காலில் மோதினேன், இன்னொரு தடவை மோதினேன். யார் யாரோ பின்னாலிருந்து இழுத்தார்கள். சின்னவன் மேஜைக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்காக அடிக்கிறேன் என்று அவனுக்குத் தெரியவில்லை. சத்தம் மட்டும்தான் அவனுக்குத் தெரிந்தது.

ஸ்டேஷனில் எனக்கு நாற்காலி போட்டார்கள். டீ கொடுத்தார்கள். அங்கே இருந்த இன்ஸ்பெக்டர் தாடையில் மச்சம் உள்ளவர், நம் வீட்டுக்கு வந்தவராகவும் இருக்கலாம். "ஏன் சார் அடிச்சீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "கூடப் பொறந்தவன்னா யாருக்கும் கை நீளத்தான் செய்யும். அவனும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றார். இல்லத்தின் கண்காணிப்பாளர் மூச்சு வாங்க வந்தார். புகார் வேண்டாம், பாதத்தைப் பற்றி நீங்களும் பெரிதாக்க வேண்டாம் என்றார். சின்னவனை நோயாளி அறையில் தனியாக வைக்க ஒப்புக்கொண்ட பிறகுதான் சமாதானத் தாளில் கையெழுத்துப் போட்டேன். பொழுது சாய்வதற்குள் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். என் கையில் ஒரு கீறல்கூட இல்லை.

நம் தெருமுனை வரை வந்தேன். நீ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாய். தாடையைச் சுற்றிக் கட்டு. திரும்பிவிட்டேன்.

விசாரணையன்று இங்கே சோதனை ஓட்டம். என்னால் வர முடியாது. தலையை ஆட்டுவதோ ஆட்டாததோ உன் இஷ்டம்.

தம்பி


ஏப்ரல் 9

தம்பிக்கு,

உன் கடிதத்தை விசாரணைக்குப் போகும் வழியில் பஸ்ஸில் மறுபடி படித்தேன். நீ ஒருவனை விழுந்த பிறகும் அடித்தாய். அவனும் அதையேதான் செய்தான். உனக்கு நாற்காலி போட்டு ஏன் அடித்தாய் என்று கேட்டார்கள். அவனிடம் இதுவரை யாருமே அதைக் கேட்கவில்லை. இது உன் மேல் கோபத்தில் எழுதுவதில்லை.

சிறுவர் நீதிமன்றம் நான் நினைத்த மாதிரி இல்லை. ஸ்கூல் ஸ்டாஃப் ரூம் மாதிரி ஒரு நீள மேஜை, மேலே கிரீச்சிடும் ஃபேன். அந்த ஃபேனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நீதிபதி வயதானவர், இருமிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் நன்னடத்தை அலுவலர் என்று ஒரு பெண். கடைக்காரர் மகன் கண்ணில் பஞ்சு வைத்து அம்மாவோடு வந்திருந்தான்.

உன் வக்கீல் எழுந்து என் எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டி, "காக்க வேண்டிய கைகளே" என்று ஆரம்பித்தார். நீதிபதி என் பக்கம் திரும்பினார். "போலீஸ் அடிச்சாங்களாம்மா?" ஆட்டியிருப்பேனோ என்னவோ. இப்போதும் எனக்குத் தெரியவில்லை. கழுத்து வரை வந்துவிட்டது.

சின்னவன் ஃபேனைப் பார்த்தபடியே, "போலீஸ் இல்ல. நான்தான் அடிச்சேன். இந்த சார் தப்பாச் சொல்றாரு" என்றான். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். ஓரத்தில் யாரோ சிரித்தார்கள்.

நீதிபதி இருமலை நிறுத்தி, "ஏம்ப்பா அக்காவை அடிச்சே?" என்று கேட்டார்.

"அட்டைய எடுத்தா."

"எடுத்தா என்ன?"

"எடுத்தா உள்ள இருக்கறவன் செத்துடுவான். கூழாயிடுவான். வாளியில அள்ளணும்."

"சரி, அந்த அறைக்குள்ள யார் இருந்தா?"

ஃபேன் ஒன்றுதான் சத்தம் போட்டது. பிறகு, "நான்" என்றான்.

ரொம்ப மெதுவாகத்தான் சொன்னான். அந்த அலுவலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் இத்தனை நாளாக, பாவம், லிஃப்டையும் வீட்டையும் குழப்பிக்கொள்கிறான் என்று நினைத்திருந்தேன். அவன் எதையும் குழப்பிக்கொள்ளவில்லை. கடைக்காரர் மகன் பிடுங்கியபோதும் அவன்தான் உள்ளே இருந்தான்.

"அப்ப எம்புள்ள கண்ணு?" என்றாள் அந்த அம்மா. கத்தவில்லை, கேட்டாள்.

நீதிபதி என்னிடம் ஒரு தாளை நீட்டினார். "இவனை வீட்டுக்கு அனுப்பினா உங்களுக்குப் பயம் இருக்கா?" எழுதிக் கொடுத்தேன். அவர் சத்தமாகப் படித்துவிட்டார், "பயம்தான்" என்று. சின்னவன் முதல் தடவையாக ஃபேனிலிருந்து கண்ணை எடுத்து என் தாடையைப் பார்த்தான்.

முடிவு இது. என்னிடம் அனுப்ப மாட்டார்கள். குடும்பத்தில் பெரியவர் யாராவது அவனோடேயே தங்கிப் பொறுப்பெடுத்துக்கொண்டால் விடுவார்கள். அலுவலர் வந்து பார்த்துக்கொண்டிருப்பார். இன்னொரு புகார் வந்தால் மூடிய இல்லம். பொறுப்பெடுக்க ஆள் இல்லையென்றால் இந்த மாதக் கடைசியிலேயே மூடிய இல்லம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

அக்கா


ஏப்ரல் 13

அக்காவுக்கு,

வேலையை விட்டுவிட்டேன், அவனோடு நான் தங்குகிறேன். சோதனை ஓட்டம் முடியவில்லை. "இப்பப் போனா திரும்ப இந்தப் பக்கம் வராதே" என்றான் மேனேஜர். "சரி" என்றேன். கொஞ்சமாவது கெஞ்சுவேன் என்று எதிர்பார்த்தான் போல, பாவம்.

ஹெல்ப்பர் கதையை அவனுக்கு உள்ளது உள்ளபடி சொன்னேன் என்று பெருமையாக எழுதியிருந்தேன். சிஸ்டம் சரி. ஆனால் அதை மதிக்கத் தெரிந்த ஆட்கள் இருந்தது ஊரில் ஒரே ஒரு வீட்டில். ஒரே வீட்டுக்குள் வேலை செய்கிற சிஸ்டத்தைக் கழுத்தில் மாட்டி அவனைத் தெருவுக்கு அனுப்பினேன். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு வராது.

எனக்குச் சில விஷயங்கள் தெரியவில்லை. காலையில் அவனை எப்படி எழுப்புவாய்? குளிக்க மாட்டேன் என்றால் விட்டுவிடுவாயா? அடிக்கப் போகிறான் என்று உனக்கு முன்னாலேயே தெரியுமா? தெரியும் என்றால் எதை வைத்து? எழுது. நீ பக்கத்து அறையில் இருந்தால் கேட்டுக்கொண்டே பழகிவிடுவேன்.

தம்பி


ஏப்ரல் 17

தம்பிக்கு,

நான் பக்கத்து அறையில் இருக்க மாட்டேன். ஆஸ்பத்திரிக் குடியிருப்பில் ஓர் அறை கேட்டு வாங்கிவிட்டேன். சட்டி பானையெல்லாம் உனக்கே இருக்கட்டும், தையல் மெஷினை மட்டும் எடுத்துப்போகிறேன். கோபித்துக்கொண்டு போகிறேன் என்று தெருவில் கேட்டால் ஆமாம் என்று சொல். அதுதான் அவர்களுக்குப் புரியும்.

நேற்று கம்பியை எடுத்தார்கள். வாய் இரண்டு விரல் அகலம்தான் திறக்கிறது. முதலில் பேசிய வார்த்தை என்ன தெரியுமா? "அய்யோ." டாக்டரே சிரித்துவிட்டார்.

எழுப்பாதே, ஜன்னலைத் திற, அவனே எழுந்துகொள்வான். குளிக்க மாட்டேன் என்றால் விட்டுவிடு, நாற்றத்தால் யாரும் சாகவில்லை. சட்டைக் காலரில் உள்ள துணிச்சீட்டை வெட்டிவிட்டுக் கொடு. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காதே, நீ நிற்பதே அவனுக்கு இடிக்கும். அடிக்கப் போவது தெரியும். முதலில் விரல்களை ஒவ்வொன்றாக மடிப்பான். அப்போது பேசாதே, விளக்கம் சொல்லாதே. உனக்கு அதுதான் கஷ்டம். பின்னால் நகர். வெளியே போகும் வழியை அவன் பக்கம் விடு, உன் பக்கம் வைத்துக்கொள்ளாதே. நான் எப்போதும் கதவுப் பக்கம் நின்றேன், ஓட வசதியாக இருக்கும் என்று. அதுதான் தப்போ என்று இப்போது தோன்றுகிறது. தெரியவில்லை.

அவனைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. அந்த வீட்டுக் கதவைத் தாண்டக் கால் வரவில்லை. இரண்டும் நிஜம்.

அக்கா


ஜூன் 2

அக்காவுக்கு,

போன வாரம் என்னை அடித்தான். வேறு யார் வாயாலோ நீ கேட்பதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

அலமாரி மாட்டச் சுவரில் துளை போட வேண்டியிருந்தது. ஒரு நிமிட வேலைதானே என்று டிரில்லை ஆன் செய்துவிட்டேன். அவன் பின்னால் நின்றதைப் பார்க்கவில்லை. விரல் மடிப்பதைப் பார்க்க நேரமே கிடைக்கவில்லை. ஒரே உதை. நான் விழுந்த பிறகும் உதைத்தான். டிரில் தரையில் கிடந்து தானாகச் சுற்றிக்கொண்டே இருந்தது, அது ஓடும்வரை அவனும் நிறுத்தவில்லை. உருண்டுபோய் வயரைப் பிடுங்கினேன். சத்தம் நின்றது, அவனும் நின்றான். பிறகு போய்த் தண்ணீர் குடித்தான். எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தான். விலா எலும்பு இரண்டு விரிசல் விட்டிருக்கிறது. மூச்சு விட்டால் உன் ஞாபகம் வருகிறது.

எதிர்வீட்டுக்காரர் நன்னடத்தை அலுவலருக்குப் போன் செய்துவிட்டார். மறுநாள் காலையிலேயே அந்த அம்மா வந்து நின்றார். நான் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார்.

"என்ன ஆச்சு?"

"ஏணியிலேர்ந்து விழுந்துட்டேன் மேடம்" என்றேன். உன்னைத் தலையாட்டச் சொன்னவன் அல்லவா, எனக்கு வார்த்தை தடுமாறவே இல்லை.

"இல்ல. நான் உதைச்சேன்" என்றான் சின்னவன், ஜன்னல் பக்கத்திலிருந்து.

முடிந்தது என்று நினைத்தேன். இன்னொரு புகார், மூடிய இல்லம், வரிசை பிசகாத சூடுகள். எழுந்து அவர் பேனாவைப் பிடுங்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. எழுந்திருக்க விலா விடவில்லை.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அவனிடம், "ஏம்ப்பா?" என்றார்.

"டிரில்."

"சொல்லாம போட்டாரா?"

"சொல்லல."

அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார். "நீங்க இன்ஜினியர்தானே?"

"டிப்ளமா."

"அதான். சத்தம் போடுற எதையும் சொல்லிட்டு, அவன் வெளிய போன பிறகு போடுங்க. இதைப் புகாரா எழுதல, சார். உங்களுக்கு நான் சொன்னதா எழுதறேன். அடுத்த தடவை இப்படி எழுத முடியாது. என்கிட்ட இன்னொரு தடவை ஏணிக் கதை சொன்னாலும் எழுத முடியாது."

அவர் போன பிறகு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பயமாக இருந்தது, அக்கா. அவனைக் கொண்டுபோய்விடுவார்களோ என்ற பயம் இல்லை. அவன் டம்ளரை எடுக்கப் பக்கத்தில் வந்தபோது என் உடம்பு தானாகச் சுவரோடு ஒடுங்கியது. அந்தப் பயம். நீ இதோடு எத்தனை வருஷம் இருந்தாய்? எண்ணிக்கை கேட்கவில்லை. சும்மா கேட்கிறேன். பதில் சொல்ல வேண்டாம்.

அவன் தினமும் காலையில், "அக்கா வாய் எவ்வளவு திறக்குது?" என்று கேட்கிறான். இரண்டு விரல் என்று சொன்னேன். தன் வாயில் இரண்டு விரலை வைத்துப் பார்த்துக்கொண்டான். நேற்று, "இன்னும் ரெண்டுதானா?" என்றான். எனக்குத் தெரியவில்லை, நீதான் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் வா. வரமாட்டேன் என்றால் அதுவும் சரி, கோபப்பட மாட்டேன். வந்தால் வாசல் கதவைத் திறந்தே வைக்கிறேன். அதற்குப் பக்கத்து நாற்காலி உனக்கு. அவனுக்குப் பின்கட்டு வழி இருக்கிறது, அந்தப் பக்கம் உட்காரவைக்கிறேன். நடுவில் நான் உட்காருகிறேன்.

தம்பி